வினிகரா, பாப் ஸ்மியரா, ஹெச்பிவியா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எந்தச் சோதனை

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் ‘பாப் ஸ்மியர்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் நர்ஸ் வினிகர் டெஸ்ட்டைக் காசில்லாமல் செய்துவிடுகிறார். தனியார் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரோ, “ஹெச்பிவி எடுத்துடுங்கம்மா, இப்போ அதுதான் நல்லது” என்கிறார். ஒரு வைரஸைத் தேடும் சோதனை அது. விலையைக் கேட்டால் தயக்கம் வருகிறது. மூன்றும் ஒரே நோயைத் தேடுபவை: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் இதில் எதை எடுத்துக்கொள்வது?

இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. உலகம் முழுக்க மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் மூன்று பெரிய ஆய்வுகள் திண்டுக்கல் மாவட்டத்திலும், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்திலும், மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் நடந்தவை. மூன்றிலும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். சோதனை எத்தனை பேரிடம் ‘ஏதோ’ கண்டுபிடித்தது என்பதோடு நிற்காமல், ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணியவை. சோதனைகளைப் பற்றிய ஆய்வுகளில் இந்த அளவுக்குப் போகிறவை குறைவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது உசத்தி என்று கேட்பதற்கு முன்னால், மறுபடி எப்போது அந்த மேசையில் போய்ப் படுப்பீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் போகிறவருக்கு மூன்று சோதனைகளுமே உதவும். ஆயுளில் ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை போகிறவருக்கு ஹெச்பிவிதான். நம்மில் அநேகம் பேர் இரண்டாவது ரகம் என்பதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. 2019–21இல் எடுத்த ஐந்தாவது சுற்றின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டிலேயே நாம் முதலிடம் என்று சொல்லிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது பேர் போகவே இல்லை என்றும் சொல்லலாம்.

2022க்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1.27 லட்சம் பேருக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் புற்றுநோய்களிலேயே காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த நோய் வேறு அதிகம் இல்லை. ஹெச்பிவி என்ற வைரஸின் சில வகைகள்தான் காரணம் என்று காட்டியவர் ஜெர்மனியின் ஹரால்ட் ட்சுர் ஹௌசன். 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுநோய்த் திசுக்களில் கண்டுபிடித்தார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். இந்த இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம்.

இதில் முக்கியமான விஷயம், வைரஸ் தொற்றுவதும் நோய் வருவதும் ஒன்றல்ல. தாம்பத்திய வாழ்க்கையைத் தொடங்கிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தத் தொற்று வந்து போகும். அநேகமாக ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கியது மெல்ல மெல்லச் செல்களை மாற்றி, புற்றுநோயாக முற்ற பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு, குறிப்பாக ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு, இது ஐந்து பத்து ஆண்டுகளாகச் சுருங்கும். இத்தனை நீண்ட இடைவெளி இருப்பதால்தான் சோதனை என்ற ஒன்றுக்கே இடமிருக்கிறது. புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலேயே பிடித்து, அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சூடு வைத்தோ அழித்துவிட்டால், கர்ப்பப்பையை எடுக்காமலேயே கதை முடிந்துவிடும்.

எந்தச் சோதனையும் வேண்டாம் என்று இருந்துவிட்டால்? அதையும் ஒரு தெரிவாகவே எடுத்துப் பார்க்கலாம், ஏனென்றால் அதற்கு ஆதரவாகவும் ஒரு தகவல் உண்டு. அடையாறு புற்றுநோய் மையம் நடத்திவரும் சென்னைப் பதிவேட்டில் 1980களில் பெண்களின் புற்றுநோய்களில் முதலிடம் கர்ப்பப்பை வாய்க்கு. பிறகு அது ஆண்டுக்காண்டு இறங்கி, இன்று மார்பகப் புற்றுநோய் வெகுதூரம் முன்னே போய்விட்டது. ஊர் முழுக்கச் சோதனை செய்ததால் வந்த இறக்கம் இல்லை இது. பெண்களின் திருமண வயது உயர்ந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, படிப்பு வந்தது, குளியலறையும் தண்ணீரும் வந்தன. நோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்று பாடப்புத்தகம் பட்டியல் போடுகிறதே, சின்ன வயதில் திருமணம், அதிகப் பிரசவம், வறுமை என்று, அவை தளர்ந்தபோது நோயும் தளர்ந்தது.

ஆனால் இது ஊருக்குப் பொருந்தும் உண்மை. தனி ஒருத்திக்கு அல்ல. “எனக்கு ஒரே புருஷன், ரெண்டே பிள்ளை, எனக்கு எதுக்கு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்த நோய் அப்படிப்பட்டவர்களுக்கும் வரும். ஆபத்துக் காரணிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு யாருக்கு வரும், யாருக்கு வராது என்று பிரிக்க முடியாது. வயதை மட்டும் வைத்து எல்லாரையும் அழைப்பதுதான் வழி என்று உலக நாடுகள் எல்லாம் வந்து சேர்ந்தது இதனால்தான்.

சரி, வினிகர் டெஸ்ட்டுக்கு வருவோம். மருத்துவர்கள் விஐஏ என்பார்கள். நர்ஸ் ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்து, 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றியெடுக்கிறார். ஒரு நிமிடம் காத்திருக்கிறார். பிறகு டார்ச்சோ விளக்கோ பிடித்து, வெறும் கண்ணால் பார்க்கிறார். ஆரோக்கியமான தோல் இளஞ்சிவப்பாகவே இருக்கும். செல்கள் மாறத் தொடங்கிய இடம், அதுவும் வெளித்தோலும் உள்தோலும் கூடுகிற கோட்டை ஒட்டிய இடம், கெட்டியான வெள்ளைத் திட்டாகத் தெரியும். சில இடங்களில் அயோடினும் தடவுவார்கள். அப்போது நல்ல பகுதி கரும்பழுப்பாகவும் சந்தேகப் பகுதி கடுகு மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும். முடிவு அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும். லேப் வேண்டாம், ரிப்போர்ட்டுக்கு மறுநாள் வர வேண்டாம். கிளம்பும்போது லேசான எரிச்சல் இருக்கலாம், அவ்வளவுதான்.

திண்டுக்கல் ஆய்வு இதைத்தான் சோதித்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில், ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவமனையும் சேர்ந்து நடத்தியது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கிப்போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். சோதனைக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் 49,311 பேர். அவர்களில் 31,343 பேர் 2000–03இல் வந்து சோதனை செய்துகொண்டார்கள். மற்றத் தொகுதிகளில் 30,958 பேருக்கு வழக்கமாகக் கிடைக்கும் கவனிப்பு மட்டும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கேயே கால்போஸ்கோப் (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து, பயாப்ஸிக்குத் துளி சதை எடுத்து, அன்றே உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அந்த நர்ஸுகளே செய்தார்கள். 2006 வரை பின்தொடர்ந்ததில், சோதனைக்கு அழைக்கப்பட்ட பக்கத்தில் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தது. ஒரேயொரு சுற்றுச் சோதனையில், வினிகரையும் வெறும் கண்ணையும் வைத்துக்கொண்டு. 2007இல் லான்செட் இதழில் வெளியானபோது பலரும் புருவம் உயர்த்தியதில் ஆச்சரியமில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையையும் இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அதே சங்கரநாராயணன் குழு, டாடா நினைவு மருத்துவமனையோடும் பார்ஷியில் உள்ள நர்கிஸ் தத் புற்றுநோய் மருத்துவமனையோடும் சேர்ந்து உஸ்மானாபாத்தில் (இப்போது தாராசிவ்) இன்னொரு ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. அங்கே 1,31,746 பெண்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹெச்பிவி, ஒரு பிரிவுக்கு பாப் ஸ்மியர், ஒரு பிரிவுக்கு வினிகர், நான்காவது பிரிவுக்கு எதுவுமில்லை. சோதனை ஒரே ஒருமுறை. பிறகு எட்டாண்டு பின்தொடர்தல். மூன்று சோதனைகளையும் ஒரே மண்ணில், ஒரே மாதிரிப் பெண்களிடம், ஒரே குழு ஒப்பிட்டதால் நம் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு கிடைக்காது.

2009இல் முடிவு வந்தது. எதுவும் செய்யாத பிரிவில் 31,488 பேரில் 64 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். ஹெச்பிவி பிரிவில் 34,126 பேரில் 34 பேர். கிட்டத்தட்டப் பாதி. பாப் ஸ்மியர், வினிகர் இரண்டு பிரிவுகளிலும் இறப்பு கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும், தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவுதான்.

இந்த எண்களில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ‘பாதியாகக் குறைந்தது’ என்று கேட்டால் பிரமாதமாக இருக்கிறது. வேறு விதமாகச் சொன்னால், எட்டு வருடத்தில் ஆயிரம் பேருக்கு இரண்டு இறப்பு என்றிருந்தது ஒன்றாக ஆனது. ஆயிரம் பேரைச் சோதனைக்கு அழைத்தால் எட்டு வருடத்தில் ஒரு உயிர் பிழைக்கிறது. இரண்டும் ஒரே உண்மை. விளம்பரங்கள் முதலாவதைத்தான் சொல்லும். ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது இரண்டாவதையும் தேடிப் பார்க்கும் பழக்கம் எந்த நோய்க்கும் நல்லது. என் கணக்கில் ஆயிரத்துக்கு ஒன்று சின்ன எண்ணிக்கை இல்லை. இது ஒரேயொரு சோதனையின் பலன், எட்டு வருடத்துக்கு மட்டும் பார்த்தது. இறந்தவர்களில் பலர் குடும்பத்தைச் சுமந்துகொண்டிருந்த நடுவயதுப் பெண்கள்.

அதே அட்டவணையில் இன்னொரு விசித்திரம். ஹெச்பிவி பிரிவில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்கள் 127. எதுவும் செய்யாத பிரிவில் 118. சோதனை செய்தும் புற்றுநோய் குறையவில்லையே என்று தோன்றும். முற்றிய நிலையில் இருந்தவை எத்தனை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்: ஹெச்பிவி பிரிவில் 39, எதுவும் செய்யாத பிரிவில் 82. சோதனை தொடங்கியபோதே பலருக்கு நோய் உள்ளே இருந்தது. அதை முற்றுவதற்கு முன் வெளியே இழுத்ததுதான் ஹெச்பிவி செய்த வேலை. எத்தனை பேருக்கு நோய் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒரு சோதனையை எடை போட்டால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

ஆனால் என் தெரிவைத் தீர்மானித்தது இறப்பு எண்ணிக்கையைவிட, அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத வேறொரு வரி. சோதனையில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களுக்கு அடுத்த வருடங்களில் என்ன ஆனது? ஹெச்பிவியில் ஒன்றுமில்லை என்று வந்தவர்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.7 பேருக்குப் புற்றுநோய் வந்தது. பாப் ஸ்மியரில் ஒன்றுமில்லை என்றவர்களில் 15.5. வினிகரில் 16. நான்கு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ‘நெகட்டிவ்’ என்ற ஒரே சொல் மூன்று ரிப்போர்ட்டுகளில் மூன்று வெவ்வேறு கனத்தோடு இருக்கிறது. அடுத்த முறை எப்போது வருவோம் என்று தெரியாத பெண் வாங்கிக்கொண்டு போவது இந்த நெகட்டிவைத்தான்.

அப்படியானால் திண்டுக்கல்லில் பலித்த வினிகர் உஸ்மானாபாத்தில் ஏன் பலிக்கவில்லை? முதல் பதில் புள்ளியியல் சார்ந்தது. திண்டுக்கல்லில் இறப்புக் குறைவு 35 சதவீதம் என்றாலும், உண்மையான மதிப்பு 11 சதவீதத்திலிருந்து 53 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் ஆய்வின் முழு முடிவு. உஸ்மானாபாத்தின் வினிகர் பிரிவில் தெரிந்த 14 சதவீதக் குறைவு அந்த வரம்புக்குள்ளேயே விழுகிறது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. இரண்டாவது பதில் கண் சார்ந்தது. வெள்ளைத் திட்டு எது, வெறும் அழற்சி எது என்று பிரிப்பது பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது. திண்டுக்கல்லில் பத்தில் ஒருவருக்கு பாஸிட்டிவ் சொன்னார்கள்; உஸ்மானாபாத்தில் ஏழில் ஒருவருக்கு. அனுபவமுள்ள நர்ஸ், நல்ல வெளிச்சம், அவசரமில்லாத ஒரு நிமிடம் மூன்றும் சேர்ந்தால் வினிகர் நல்ல சோதனை. முகாமில் வரிசை நீண்டு, அந்த ஒரு நிமிடம் பத்து விநாடியானால், அது வெறும் சடங்கு.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையின் சுரேந்திர சாஸ்திரி குழு செய்தது வேறு வகை. ஒருமுறையோடு விடாமல், இரண்டு வருட இடைவெளியில் நான்கு சுற்று. பார்த்தவர்கள் நர்ஸுகள்கூட இல்லை. பள்ளிப்படிப்பு முடித்து, சில வாரப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள், பன்னிரண்டு வருடக் கணக்கு. இறப்பு 31 சதவீதம் குறைந்தது. திரும்பத் திரும்பச் செய்தால் வினிகரும் உயிரைக் காக்கும் என்பது இதிலிருந்து தெளிவு. ஒருமுறை தவறவிட்டதை அடுத்த சுற்று பிடித்துவிடுகிறது.

இந்த ஆய்வுகளைப் புகழ்ந்துவிட்டு மட்டும் நகர எனக்கு மனம் வரவில்லை. மூன்றிலும், எதுவும் செய்யாத பிரிவில் வைக்கப்பட்ட பெண்கள் இருந்தார்கள். பாப் ஸ்மியரின் பலன் மேலை நாடுகளில் எப்போதோ தெரிந்துவிட்ட பிறகு, அமெரிக்கப் பணத்தில் நடந்த ஆய்வில், ஏழைப் பெண்களைச் சோதனையில்லாமல் விட்டு இறப்பை எண்ணியது சரியா என்று மருத்துவ நெறி இதழ்களில் கடுமையான சண்டை நடந்தது. அன்று அந்த ஊர்களில் எந்தச் சோதனையும் கிடையாது, எனவே யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்று நடத்தியவர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் நாம் இன்று எதைத் தேர்ந்தெடுப்பது என்று பேச முடிவதே அந்தப் பெண்களால்தான்.

பாப் ஸ்மியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜார்ஜ் பாப்பனிகொலாவு 1940களில் நிலைநாட்டிய முறை. கர்ப்பப்பை வாயைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் செல்களைப் பார்ப்பது. மேலை நாடுகளில் இந்த நோயை அடக்கியது இதுதான், சந்தேகமில்லை. ஆனால் அது அடக்கியது மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கடிதம் போட்டு அழைத்து, தரக் கட்டுப்பாடுள்ள லேப்பில் பார்த்து, விட்டுப்போனவர்களை மீண்டும் அழைத்ததால். ஒற்றை ஸ்மியர் பாதிக்குப் பாதி முன்நிலைகளைக்கூடத் தவறவிடலாம். அந்த நாடுகளே இப்போது ஹெச்பிவிக்கு மாறிவிட்டன: நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 2017இல், இங்கிலாந்து 2019இல். ஐரோப்பாவின் நான்கு பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாப்பைவிட ஹெச்பிவி 60 முதல் 70 சதவீதம் கூடுதல் பாதுகாப்புத் தந்தது.

பேக்கேஜில் பாப் இருந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘எல்பிசி’ என்று விலை கூடிய திரவ வகைக்கு மாறச் சொன்னால் யோசியுங்கள். அதில் வீணாகும் மாதிரிகள் குறைவு, அதே மாதிரியில் ஹெச்பிவியும் பார்த்துக்கொள்ளலாம். நோயைப் பிடிப்பதில் பழைய பாப்பைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடையாது. அதே பேக்கேஜில் பக்கத்திலேயே ‘சிஏ 125’ என்ற இரத்தப் பரிசோதனை இருந்தால், அதற்கும் கர்ப்பப்பை வாய்க்கும் சம்பந்தமே இல்லை. ரிப்போர்ட்டில் ‘என்ஐஎல்எம்’ என்று இருந்தால் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று பொருள். கூடவே ‘இன்ஃப்ளமேட்டரி’ என்று ஒரு வார்த்தை இருப்பதைப் பார்த்துப் பயந்து இரவெல்லாம் தூங்காத பெண்களை எனக்குத் தெரியும். அது அழற்சி, அவ்வளவே. ‘ஆஸ்கஸ்’ (என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாத செல் மாற்றம்) என்றிருந்தால் அடுத்த படி என்ன என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த அடுத்த படி பெரும்பாலும் ஹெச்பிவி சோதனைதான்.

ஹெச்பிவியிலும் குறை உண்டு. அது நோயைப் பார்ப்பதில்லை, வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. உஸ்மானாபாத்தில் பத்தில் ஒருவருக்கு பாஸிட்டிவ் வந்தது; அவர்களில் மிகச் சிலருக்குத்தான் சிகிச்சை தேவைப்படும் மாற்றம் இருந்தது. எனவே பாஸிட்டிவ் என்றால் அடுத்த சோதனை ஒன்று கட்டாயம் உண்டு. 16 அல்லது 18ஆம் வகை என்றால் நேராகக் கால்போஸ்கோபி. மற்ற வகை என்றால் வினிகரோ பாப்போ பார்த்து முடிவு செய்வார்கள். முப்பதுக்குக் கீழே இதை எடுக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். அந்த வயதில் தொற்று வந்து போய்க்கொண்டிருக்கும். தேவையில்லாத பாஸிட்டிவும் தேவையில்லாத சிகிச்சையும்தான் மிஞ்சும்.

இன்னொரு குறை லேப்பில் இல்லை, வீட்டில் இருக்கிறது. உடலுறவால் பரவும் வைரஸ் என்று தெரிந்ததும், “யாருகிட்டேர்ந்து வந்துச்சு?” என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதிலே கிடையாது. தொற்று பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் வந்து அடங்கிக் கிடந்திருக்கலாம். கணவர் வழியாக வந்ததா, எப்போது வந்தது என்று எந்த லேப்பும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும் முன் இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லும் மருத்துவரை நான் பெரிதாக மதிப்பேன்.

மறுபக்கம், ஹெச்பிவிக்கு மட்டுமே உள்ள ஒரு வசதி: மாதிரியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மென்மையான பிரஷ் ஒன்றை உள்ளே செலுத்திச் சில முறை சுழற்றி, குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். பிசிஆர் முறையில் பார்க்கும்போது, மருத்துவர் எடுத்த மாதிரிக்கு இது கிட்டத்தட்டச் சமம். உலக சுகாதார நிறுவனமும் ஏற்கிறது. ஆண் மருத்துவர் இருப்பாரோ, திரை இருக்குமோ என்று தயங்கியே வராமல் இருக்கும் பெண்களுக்கு வினிகரும் பாப்பும் இதைத் தர முடியாது.

விலையை ரசீதில் பார்த்தால் ஹெச்பிவி பாப்பைப் போலப் பல மடங்கு. வினிகர் அரசு நிலையத்தில் இலவசம். பத்து வருடக் கணக்கில் பார்த்தால் நிலவரம் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலின்படி, ஹெச்பிவி நெகட்டிவ் என்றால் அடுத்தது ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்து. பாப், வினிகர் என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பத்து வருடத்தில் மூன்று நான்கு முறை லீவு, பஸ், காத்திருப்பு, அன்றைய கூலி. இதெல்லாம் ரசீதில் வராது. அந்தச் செலவை ஒருமுறையோடு முடித்துக்கொள்ள முடிகிறவருக்கு ஹெச்பிவி உண்மையில் விலை கூடியதல்ல. ஒருமுறைக்கும் கையில் காசில்லாதவர் ‘பணம் சேரட்டும்’ என்று தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்து வினிகருக்குப் போய்விடுவதே மேல். தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடியாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்த ஏற்பாடு அது. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கும் அதே நர்ஸ் இதையும் பார்ப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வினிகரை ஒதுக்கச் சொல்வேன்: ஐம்பதைத் தாண்டி, மாதவிடாய் நின்றவர்களுக்கு. செல்கள் மாறும் அந்தக் கோடு வயதாக ஆக உள்பக்கமாக நகர்ந்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுப்பதால் யாருக்கும் பயனில்லை. இதுவரை எந்தச் சோதனையும் செய்யாத உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ ஐம்பத்தைந்து வயது என்றால், பணத்தை அங்கே செலவிடுங்கள், ஹெச்பிவிக்கு.

முப்பத்தைந்து வயதுப் பெண் என்றால் ஹெச்பிவி ஒன்று இப்போது, இன்னொன்று நாற்பத்தைந்தில். 2030க்குள் எழுபது சதவீதப் பெண்களுக்கு இந்த இரண்டு சோதனையும் கிடைக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கும். ஹெச்ஐவி உள்ளவர்கள் இருபத்தைந்திலேயே தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து முழுதாக எடுத்துவிட்டவர்களுக்கு, அது புற்றுநோய்க்காகவோ அதற்கு முந்தைய நிலைக்காகவோ எடுத்ததில்லை என்றால், எதுவும் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் கர்ப்பப்பை வாயும் எடுக்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண் பிள்ளைகளும் முப்பதுக்கு மேல் சோதனைக்கு வர வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. சீரம் நிறுவனத்தின் செர்வவாக், 6, 11, 16, 18 என்ற நான்கு வகைகளுக்கானது.

உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தம், நாற்றத்தோடு நிற்காத வெள்ளைப்படுதல் இருப்பவருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவர் நேராக மகப்பேறு மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மூன்றில் எதில் நெகட்டிவ் வந்திருந்தாலும் சரி.

மாதிரியைக் கொடுக்கும் முன் எந்த இடத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: பாஸிட்டிவ் வந்தால் இங்கேயே கால்போஸ்கோபி பார்த்துச் சிகிச்சை தருவீர்களா, இல்லை வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? திண்டுக்கல்லில் அன்றே சிகிச்சை என்ற ஏற்பாடு இருந்தும், முன்நிலை கண்டுபிடிக்கப்பட்ட 1,874 பேரில் 72 சதவீதம்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். வேறு ஊருக்கு அனுப்புவோம் என்பதுதான் பதில் என்றால், அந்த ஊரில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமை பார்ப்பார்கள் என்பதையும் அன்றே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.